தப்பான கை

ஆஷ்லி, வடக்கு டகோட்டா
ஜனவரி 27, 2018

அன்புத் தங்கை வெர்லீனுக்கு,

அண்ணன் டெல்மர் எழுதுவது. நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. நீ அரிசோனா வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாய் என்பதால் உன் சுகத்தை விசாரிக்கவே மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், அந்த முழங்கால் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். லண்ட்கார்ட் 41 கைத்துப்பாக்கி திரும்பி வருகிறது!

வதந்தி இல்லை. கம்பெனி மூடிய நாளிலிருந்து வருஷத்துக்கு ஒருத்தன் "அடுத்த வசந்தத்துல வருது" என்று புளுகிக்கொண்டிருந்தானே, அந்தக் கதை இல்லை. டெக்சாஸ்காரர்கள் யாரோ லண்ட்கார்ட் பெயரையும் பழைய வரைபடங்களையும் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். லாஸ் வேகாஸ் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரித் துப்பாக்கியை வைத்திருந்தார்களாம். எங்கள் 41 கிளப்பின் செயலாளர் ரோலின் ஷாவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். படங்களைக் காட்டினான். சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது.

என்ன பண்ணி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? தவறி வெடிக்காமல் பூட்டுகிற சேஃப்டியை இரண்டு பக்கமும் வைத்திருக்கிறார்கள், காருக்கு இரண்டு கதவு மாதிரி. இலக்கு பார்க்கிற பின்பக்கக் குறியை வேலிக்கம்பம் மாதிரி சதுரமாக, உயரமாக நட்டிருக்கிறார்கள். சுடும்போது பின்னால் பாயும் சுத்தியலுக்குக் கீழே உலோக வால் நீட்டியிருக்கிறார்கள், அது கையைக் கடிக்காமல் இருக்க. கடிக்காத 41 ஒரு 41-ஆ? நாய் வேண்டாம், பொம்மை நாய் போதும் என்கிறவன் வேறு எதையாவது வாங்கிக்கொள்ளட்டும்.

கிளப் தலைவன் என்ற முறையில் நானே ஒரு மனு எழுதியிருக்கிறேன். முதல் வரி: "ஒரு திருகாணிகூட மாறக் கூடாது." எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள். நகலும் ரோலினின் படங்களும் இத்துடன். நீயும் போட்டு அனுப்பு.

உன் அண்ணன்,
டெல்மர் கெட்டர்லிங்

யூமா, அரிசோனா
பிப்ரவரி 8, 2018

டெல்மர் அண்ணாவுக்கு,

முழங்கால் இருக்கிறது. நடக்கும்போது கதவுக்கீல் மாதிரி கத்துகிறது, அவ்வளவுதான். நீ மூட்டை மூட்டையாகச் சாஸேஜ் தின்னாமல் இருக்கிறாயா? டாக்டர் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையைப் போடுகிறாயா, இல்லை டிராயரில் போட்டு வைக்கிறாயா?

நீ அனுப்பிய படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீ எதற்கெல்லாம் வயிறு எரிந்தாயோ அதையெல்லாம் பார்த்து எனக்கு வாயெல்லாம் பல். அண்ணா, சேஃப்டி இரண்டு பக்கமும்! நான் இடது கைக்காரி என்பது உனக்கு மறந்துபோயிருக்க வாய்ப்பில்லை. மேஜையில் நான் ஸ்பூன் எடுக்கும் போதெல்லாம் முழங்கையால் இடிப்பவன் நீதானே. அப்பாவின் 41-ஐ நான் சுடக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது பன்னிரண்டு. சேஃப்டி என் கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் அந்தத் துப்பாக்கியோடு மல்லுக்கட்டித்தான் சுடுகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் பெண்கள் குழுவில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

யாரோ ஒருத்தன் டெக்சாஸில் உட்கார்ந்து என்னைப் போன்றவளை ஒரு நிமிஷம் நினைத்திருக்கிறான். அவனுக்குக் கேக் சுட்டு அனுப்பலாம் போல இருக்கிறது. நீ அவன் கையை வெட்டச் சொல்லி மனு எழுதுகிறாய்.

நகலைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் என் பெயர் இல்லை.

வெர்லீன்

ஆஷ்லி
மார்ச் 11, 2018

தங்கை வெர்லீனுக்கு,

நான் சௌக்கியம். மாத்திரையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அது பத்திரமாக இருக்கிறது.

கையெழுத்துப் போடாவிட்டால் போ. நீ இல்லாமலே தாள் நிறைந்துவிட்டது, பின்பக்கமும் எழுத வேண்டி வந்தது. போன சனிக்கிழமை தபாலில் சேர்த்தாயிற்று.

ஒன்று புரிந்துகொள். எனக்கு இடது கைக்காரர்கள் மேல் விரோதம் கிடையாது. ஆனால் ஒரு பொருள் என்றால் அது அந்தப் பொருளாக இருக்க வேண்டும். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவனுக்குக் கால் குட்டை என்று ஆர்கனை அறுப்பார்களா? உனக்குக் கை வளையவில்லை என்றால் கையை வளைத்துக்கொள். துப்பாக்கியை வளைக்காதே. இதைத்தான் ரோலினும் சொன்னான். "ஒரு ஆளுக்காக மாத்த ஆரம்பிச்சா, அப்புறம் அது யாரோட துப்பாக்கியாவும் இருக்காது டெல்மர்." வைரம் போன்ற வார்த்தை.

செப்டம்பரில் ஜேம்ஸ்டவுனில் கிளப்பின் ஆண்டு விழா. வா. பழைய கோபத்தை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு வா.

டெல்மர்

யூமா
ஏப்ரல் 2, 2018

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக இரு, உன்னோடு சண்டை போட எனக்கு ஆள் வேண்டும்.

பழைய கோபம் என்று எழுதியிருக்கிறாய். அது என்ன கோபம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இல்லை சும்மா எழுதினாயா? எண்பத்து மூன்றாம் வருஷம் நான் கிளப்பில் சேர வந்தேன். விருந்துக்கு முன்னால் உங்கள் வழக்கப்படி எல்லாரும் வலது கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 41-இன் சுத்தியல் கடித்த தழும்பு இருந்தால் ஆள் நம்மவன். நான் என் இடது கையை வைத்தேன். உங்கள் யாருடையதையும்விட ஆழமான தழும்பு. ஒருத்தன் சொன்னான், "தப்பான கைம்மா அது." மேஜையே சிரித்தது. அதில் மிக உரக்கச் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்தான், என் கூடப் பிறந்தவன்.

அன்றைக்கு நான் சூப்பைக்கூடக் குடிக்காமல் கிளம்பினேன். அதனால் ஜேம்ஸ்டவுனுக்கு வருவதாக இல்லை. உன் ஆர்கனை நீயே வாசி.

வெர்லீன்

ஆஷ்லி
ஜூன் 20, 2018

வெர்லீனுக்கு,

தாமதத்துக்கு ஒன்றும் காரணமில்லை. விதைப்பு நேரம். என் பேனா தொலைந்துவிட்டது, அதனால் டைப் அடிக்கிறேன். நலம்.

டெக்சாஸ்காரர்கள் பதில் போட்டுவிட்டார்கள். நாங்கள் கேட்டது எல்லாவற்றுக்கும் சம்மதம். இரண்டாவது சேஃப்டியை எடுத்துவிட்டார்கள். குறியைப் பழையபடி சின்னதாக, வழுவழுப்பாக ஆக்கிவிட்டார்கள். வாலை வெட்டிவிட்டார்கள். "உங்கள் மனுவே எங்கள் கண்ணைத் திறந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். ரோலின் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டான்.

வேறொரு சின்ன விஷயம். கிளப்பில் ஒருத்தன், புது ஆள், உனக்குத் தெரியாது. இடது கையால் சுடுகிறான். அந்த சேஃப்டியை எப்படித் தள்ளுவது என்று என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும்? நீ எப்படிச் செய்வாய் என்று எழுது. அவசரம் இல்லை. சீக்கிரம் எழுது.

டெல்மர்

யூமா
ஜூன் 29, 2018

டெல்மர் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ நலம் என்கிறாய், சரி. ஆனால் இது ஜெயித்தவன் கடிதம் மாதிரி இல்லையே. நீ ஒரு செஸ் ஆட்டம் ஜெயித்தாலே மூன்று பக்கம் எழுதுவாய். கம்பெனியையே மண்டியிட வைத்திருக்கிறாய், ஒரு பத்தியில் முடித்துவிட்டாய்.

நான் தோற்றுவிட்டேன். எனக்கு வருத்தம்தான். அதை மறைக்க மாட்டேன்.

உன் புது ஆளுக்குச் சொல். எல்லா வலது கைக்காரப் புத்திக்காரர்களும் செய்கிற தவறு ஒன்று உண்டு. கட்டைவிரலைத் துப்பாக்கியின் முதுகுப்பக்கமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் கொண்டுபோய்த் தள்ளுவது. தள்ளலாம். ஆனால் விரலைத் திருப்பிக் கொண்டுவர மறந்து சுட்டுவிட்டால் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்ந்து கணுவிலிருந்து தோலை உரித்துவிடும். கட்டைவிரலை மறந்துவிட வேண்டும். ஆள்காட்டி விரல் சேஃப்டி இருக்கிற பக்கம்தானே கிடக்கிறது? அதைப் பின்னால் மடக்கி, நடுக்கணுவால் கீழே அழுத்த வேண்டும். முதலில் வராது. ஒரு மாசம் காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு டிவி பார்க்கும்போதெல்லாம் பழகினால் வரும். தினமும் வைது பழகினால் இன்னும் சீக்கிரம் வரும்.

அவன் பெயர் என்ன? எந்த ஊர்?

வெர்லீன்

ஆஷ்லி
ஜூலை 19, 2018

வெர்லீனுக்கு,

நலம். மழை இல்லை. கோதுமை கருகுகிறது.

நீ சொன்னதை அந்த ஆளிடம் சொன்னேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அவன் அந்த முட்டாள்தனத்தைச் செய்துவிட்டான். இடது கட்டைவிரல் கணுவில் தோலே இல்லை. தையல் போட்டார்கள். இப்போது கணுவால் அழுத்தப் பழகுகிறான். பத்துக்கு நாலு முறை வருகிறது. பெயர் எதற்கு, கூச்ச சுபாவம்.

அவன் இன்னொன்று கேட்கிறான். ஒரு பேச்சுக்கு, இன்னொரு கை வேலையாக இருக்கிறது என்று வைத்துக்கொள். குண்டு ஏற்றுவதற்கு ஒரே கையால் ஸ்லைடை எப்படிப் பின்னால் இழுப்பது? நீ அங்கே போலீஸ்காரர்களோடு எல்லாம் பழகுகிறாய், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் விழாவுக்கு டெக்சாஸிலிருந்து மார்னி ஹால்பெர்ட் என்ற பெண் வருகிறாள். கம்பெனியின் புதிய 41, முதல் துப்பாக்கி, அவள் கையில் வருகிறது. எல்லார் முன்னாலும் முதல் குண்டை மனு எழுதியவரே சுட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நான் சுட்டுவிட்டு "இதுதான் 41" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், அடுத்த நாளே வேலை தொடங்கிவிடுவார்கள். ரோலின் என்னைக் கேட்காமலே சரி என்று எழுதிவிட்டான்.

டெல்மர்

யூமா
ஜூலை 28, 2018

என் அண்ணாவுக்கு,

சமையலறை மேஜையில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் கோபப்பட வேண்டியது உன் நண்பன் மேல். அவனை எனக்குத் தெரியாது, பாவம் கூச்ச சுபாவம்.

உன் நண்பனுடைய வலது கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டேன். எப்போது ஆயிற்று, வாய் கோணியதா, பேச்சு குழறியதா, மாத்திரை டிராயரிலேயே கிடந்ததா, எதையும் கேட்க மாட்டேன். பிறந்ததிலிருந்து வலது கையால் சுட்டவன்தான் கட்டைவிரலை அந்தப் பக்கம் கொண்டுபோவான். அது மட்டும் எனக்குத் தெரியும். நானும் பேனாவைத் தொலைத்தவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில். ஒரே கையால் இழுக்க மூன்று வழி. பின்குறியை இடுப்பு பெல்ட்டின் விளிம்பில் மாட்டி, துப்பாக்கியைக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பூட்ஸின் குதிகாலில் மாட்ட வேண்டும். இரண்டுக்கும் குறி உயரமாகவும் சதுரமாகவும் இருக்க வேண்டும், வேலிக்கம்பம் மாதிரி. வழுவழுப்பாக இருந்தால் வழுக்கிவிடும். மூன்றாவது, உட்கார்ந்து பிடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி, குழாய் இலக்கைப் பார்க்க வைத்து, நல்ல கையால் இழுப்பது. அழகாக இருக்காது. விரல் டிரிகர் பக்கமே போகக் கூடாது. காலித் துப்பாக்கியில் பழகச் சொல்.

இனி நான் சொல்வதையும் உன் நண்பனிடம் சொல். ஜேம்ஸ்டவுனில் எழுந்து நின்று, அந்த மனுவை வாபஸ் வாங்கச் சொல். இன்னும் கம்பெனி வேலையைத் தொடங்கவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னால் துப்பாக்கி மாறும், சொல்லாவிட்டால் இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மாறாது. அவனும் சுட முடியாது, நானும் மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் வந்து சமைத்துப் போடட்டுமா?

வெர்லீன்

யூமா
ஆகஸ்ட் 30, 2018

அண்ணா,

ஒரு மாசமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டு அவரும் சலித்துப்போய்விட்டார். உயிரோடு இருக்கிறாயா? இந்த வாரத்துக்குள் எழுதாவிட்டால் ரோலினுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கேட்பேன்.

வெர்லீன்

ஆஷ்லி
செப்டம்பர் 4, 2018

ரோலினுக்குப் போன் போட்டால் இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். நண்பன் நன்றாக இருக்கிறான். பத்துக்கு எட்டு. சமைக்க வராதே, நானே முட்டை பொரித்துக்கொள்கிறேன், ஓடு கொஞ்சம் விழுகிறது.

டெ.

ஆஷ்லி
செப்டம்பர் 25, 2018

அன்புத் தங்கை வெர்லீனுக்கு,

நான் நலமாக இல்லை. ஏப்ரல் கடைசியில் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் காபி வாங்கினேன். கோப்பை கையை விட்டுப் போயிற்று, கையும் என்னை விட்டுப் போயிற்று. வலது கை தோளிலிருந்து விரல்வரை ஈர மூட்டை மாதிரி தொங்குகிறது. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது, அது திரும்பாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது கிளப்பில் நினைக்கிறார்கள். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ அடுத்த விமானத்தில் ஏறியிருப்பாய். நண்பன் என்று யாரும் இல்லை. உனக்குத்தான் எப்போதோ தெரியுமே.

ஜேம்ஸ்டவுன் கதையைக் கேள்.

ஜாக்கெட் பையில் வலது கையைச் செருகிக்கொண்டு போனேன். கை போன பிறகு நான் கிளப் பக்கமே போகாததால் யாருக்கும் தெரியவில்லை. இடது கையால் குலுக்கினால், "மனு ஜெயிச்சதும் தலைவருக்கு ஸ்டைல் வந்துருச்சு பாரு" என்றார்கள். மார்னி ஹால்பெர்ட் மரப்பெட்டியைத் திறந்தாள். வெர்லீன், அந்தத் துப்பாக்கி அழகு. கருநீல மெருகு, வால்நட் பிடி, அப்பாவுடையது புதிதாகப் பிறந்த மாதிரி இருந்தது. அத்தனையும் நான் கேட்டபடி, எழுத்துக்கு எழுத்து நான் கேட்டபடி.

குண்டுகள் அடைத்த மேகசினை மாட்டினேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். பெல்ட்டில் மாட்டி அழுத்தினேன். நீ சொன்ன மாதிரியே குறி வழுக்கியது. பூட்ஸில் வைத்தேன், மறுபடி வழுக்கியது. ரோலின் பக்கத்தில் வந்தான்.

"என்ன டெல்மர், கை வலிக்குதா?"

"வலிச்சாத்தான் பரவால்லையே. அதுல உசுரே இல்ல."

அவன் முகம் வெளுத்தது. "குடு, நான் இழுத்துத் தர்றேன்" என்று கையை நீட்டினான். நல்ல மனசோடுதான் நீட்டினான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"தொட்ட, இருக்கற ஒரு கையால மூஞ்சியில குத்துவேன்."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இலக்கைப் பார்த்து உட்கார்ந்தேன். பிடியை முழங்காலுக்கு நடுவில் இறுக்கினேன். பால் கறக்கிறவன் மாதிரி இருந்திருக்கும். யாரோ சிரித்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தேன், குண்டு ஏறியது. நம் விதிப்படி சேஃப்டியைப் போட்டேன். எழுந்து நின்றேன். ஆணை வந்ததும் கணுவால் அழுத்தினேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. மேகசின் காலியாகும் வரை சுட்டேன். பாதி குண்டு தாளில் விழுந்தது, மீதி புல்லுக்குப் போயிற்று. வெர்லீன், மூச்சு முட்டும் அளவுக்கு எனக்குச் சந்தோஷம்.

மார்னி கைதட்டிவிட்டு, "அப்போ, இதுதான் 41-ஆ சார்?" என்று கேட்டாள்.

"இது 41-தான். ஆனா இதைச் செய்யாதீங்க" என்றேன். "அந்தக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தீங்களே, அதைச் செய்யுங்க. ரெண்டு பக்கமும் சேஃப்டி, உசரமான குறி. மனுவுல இருந்து என் பேர அடிச்சிருங்க."

உடனே சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. "துரோகி" என்றான் ஒருத்தன், நான்தான் அவனுக்கு 41-ஐச் சுத்தம் செய்யவே கற்றுக்கொடுத்தேன். ரோலின் எல்லாரையும் அடக்கிவிட்டுக் கேட்டான்.

"உனக்குக் கை போச்சுங்கறதுக்காக துப்பாக்கிய மாத்தணுமா டெல்மர்?"

"ஆமா! அதுக்காகத்தான்! வேற எதுக்காகன்னு நெனச்ச? நாளைக்கு உனக்குப் போனாலும் கேப்பேன். நீ வேணாம்னு சொன்னாலும் உனக்கும் சேத்துக் கேப்பேன்."

"ஒரு ஆளுக்காக மாத்த ஆரம்பிச்சா..."

"அந்த வசனத்த மொதல்ல எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனவன் நான்தான். இப்ப அந்த ஒரு ஆளே நான்தான், சொல்லு பாப்போம்."

ராத்திரி விருந்துக்கும் போனேன். வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். மேஜையில் எல்லாரும் வலது கையை வைத்தார்கள். நான் இடதை வைத்தேன், தையல் போட்ட கட்டைவிரலோடு. "கை மாறிப்போச்சு டெல்மர்" என்று ஒருத்தன் முணுமுணுத்தான். "என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான். கடி இருக்கா இல்லையா, அதப் பாரு" என்றேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். எண்பத்து மூன்றில் நீ அந்த மேஜையிலிருந்து பார்த்தது என்ன என்று அப்போது எனக்குத் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. ஆனால் சூப்பை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன், இரண்டாவது கிண்ணமும் வாங்கி. உன் பங்கு அது.

ஓட்டுப் போட்டு என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரோலின்தான் இப்போது தலைவன். போகட்டும்.

மார்னி காருக்கு வந்து பேசினாள். கம்பெனிக்கு ஒரு கிழவனின் வார்த்தை போதாதாம். கிளப்பின் மனு இன்னும் செல்லும், பழையபடிதான் செய்யத் தொடங்குவார்களாம். "எதிர்த்துக் கேக்கறவங்க இருக்காங்கன்னு காட்டுங்க சார். பேரு பேரா காட்டுங்க, நான் கொண்டு போறேன்" என்றாள். அதனால் புது மனு எழுதியிருக்கிறேன். மேலே என் பெயர் இருக்கிறது. கீழே நீ போடு. நாம் இரண்டு பேர். இரண்டு பேர் போதாது என்று எனக்கும் தெரியும். நான் விடுவதாக இல்லை.

உன் அண்ணன்,
டெல்மர்

யூமா
அக்டோபர் 9, 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? இனி ஒவ்வொரு கடிதத்திலும் முதலில் அதைத்தான் கேட்பேன், நீயும் ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும். நவம்பர் முதல் வாரம் வருகிறேன். சமைக்க அல்ல. கணுவால் அழுத்துவதைப் பத்துக்குப் பத்தாக ஆக்க. முட்டையில் ஓடு விழுந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தின்னு.

ஜேம்ஸ்டவுன் கதையைச் செவ்வாய்க்கிழமை எங்கள் குழுவில் உரக்கப் படித்தேன். பால் கறக்கிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ரோலின் கையை நீட்டிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு விரல்மூட்டில் வாதம், ஸ்லைடை இழுக்கப் பல்லைக் கடிக்கிறார்கள். வளைகுடாப் போரில் ஒரு கையை விட்டுவிட்டு வந்த ஈனெஸ் இருக்கிறாள். நான் எழுதிய மனுவை அவள் தன் படைப்பிரிவு நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறாள், அவர்கள் இன்னும் யார் யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். நேற்று வரை வந்த கையெழுத்துத் தாள்களை ஒரு ஷூ பெட்டியில் போட்டேன், மூடி மூட முடியவில்லை. அதில் இடது கைக்காரர்கள் எத்தனை பேர்! இத்தனை வருஷமாக எல்லாரும் அவரவர் வீட்டில் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம், அண்ணா. யாரும் யாரையும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன் பெயரை மேலே போட்டிருந்தாய். நீ இதைக் கேட்க ஆரம்பித்தது இந்தச் செப்டம்பரில். நான் கேட்க ஆரம்பித்தது பன்னிரண்டு வயதில். அதனால் நானே புதிதாக எழுதினேன். முதலில் என் பெயர். அடுத்து ஈனெஸ், அப்புறம் எங்கள் பெண்கள், அப்புறம் மற்றவர்கள். பெட்டியை அப்படியே இத்துடன் அனுப்புகிறேன், கடைசித் தாளின் அடியில் ஒரு வரி காலியாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டு மார்னிக்கு நீயே தபாலில் சேர்த்துவிடு. எங்கள் எல்லாருக்கும் பின்னால் வந்து நில், அண்ணா.

வெர்லீன்